ஒரே மேசை, பல சட்டங்கள்: இணையச் சூதாட்டங்களில் பணப்பட்டுவாடாவை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிஸில் ஒருவர், மாட்ரிட்டில் ஒருவர், லிஸ்பனில் ஒருவர் என மூன்று நாட்டார் ஒரே இணையப் போக்கர் மேசையில் அமர்ந்து ஆடுவது இன்று சாதாரணமாகிவிட்டது. மேசையில் சில்லுகள் கை மாற ஒரு நொடி போதும். ஆனால் அந்தச் சில்லுகளுக்குப் பின்னால் இருக்கும் பணம் மூன்று ஒழுங்குமுறை ஆணையங்கள், மூன்று வரிச் சட்டங்கள், மூன்று வங்கி ஏற்பாடுகள் ஆகியவற்றைக் கடந்துதான் வென்றவரிடம் போய்ச் சேர வேண்டும். வென்றவர் பணத்தை எடுக்கப் பொத்தானை அழுத்திய பிறகு இவற்றை யோசிக்கத் தொடங்கும் நிறுவனம் தாமதமாகத்தான் பணம் தரும். சில நேரங்களில் தரவே முடியாமல் போகும். பட்டுவாடா ஒழுங்காக நடக்குமா என்பது பணம் உள்ளே வரும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. கீழே உள்ள படிகள் அந்த எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

உரிமம் பெற்ற சந்தைகளில் இயங்கும் நிறுவனங்களின் நிதி, கட்டணம், சட்ட இணக்கம் ஆகிய பிரிவுகளில் பணிபுரிபவர்களுக்காக இது எழுதப்படுகிறது. இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடு பார்க்காமல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது இடமளிக்கிறது. அவற்றுக்கான பணப் பரிமாற்றத்துக்கு வழிசெய்து தருபவர்களுக்கும் அதே அளவு தண்டனை உண்டு. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் இச்சேவையை வழங்குபவர்களையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. ஆகவே, பல நாடுகளுக்குப் பட்டுவாடா திட்டமிடும் எவரும் இந்தியாவைத் தொடக்கத்திலேயே அடைத்துவிட வேண்டிய பட்டியலில் வைக்க வேண்டும்.

முதல் படி: யார் யாருடன் அமரலாம் என்று வரையறுத்தல்

தனியாள் ஆடும் ஸ்லாட் (சூதாட்ட இயந்திர) ஆட்டத்தில் நிறுவனமும் ஆட்டக்காரரும் மட்டுமே இருப்பதால் ஒரு நாட்டின் சட்டத்தைப் பார்த்தால் போதும். பலர் ஆடும் ஆட்டத்தில் ஒருவரின் இழப்பே இன்னொருவரின் வெற்றி என்பதால், இரு நாட்டாரை ஒரே மேசையில் உட்காரவைக்க இரு நாடுகளின் அனுமதியும் தேவைப்படுகிறது. பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி ஆகிய நான்கு நாடுகளின் ஒழுங்குமுறை ஆணையங்கள் 2017 ஜூலையில் ரோமில் இதற்கென ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2018இல் முதல் மூன்று நாடுகளின் ஆட்டக்காரர்களும் ஒன்றாக ஆடத் தொடங்கினர். இத்தாலியோ கையெழுத்தோடு நின்றுவிட்டது. எனவே இத்தாலிய உரிமத்தின் கீழ் ஆடுபவர்களைத் தனித் தொகுப்பாகவே வைக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இதே வேலையை மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் செய்கிறது. 2014இல் நெவாடாவும் டெலவேரும் தொடங்கிய அந்த ஒப்பந்தத்தில் நியூ ஜெர்சி 2017இலும், மிச்சிகன் 2022இலும், மேற்கு வர்ஜீனியா 2023இலும், பென்சில்வேனியா 2025இலும் சேர்ந்தன. ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலமாக இருந்தாலும், நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அங்கே தனி ஒப்புதல் கிடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தப் படியின் விளைவாக உங்கள் கையில் இருக்க வேண்டியது ஓர் அட்டவணை: எந்த உரிமத்தில் உள்ளவர் எந்த உரிமத்தில் உள்ளவரோடு, எந்த ஆட்டத்தில், எந்தத் தேதியிலிருந்து ஆடலாம் என்பது அதில் இருக்க வேண்டும். தேதி இல்லாத அட்டவணையால் பயன் இல்லை. ஓராண்டு கழித்து வரும் தணிக்கையாளர் கேட்பது அன்றைய நிலையைத்தான்.

இரண்டாம் படி: ஆட்டக்காரரின் மூன்று இருப்பிடங்களைத் தனித்தனியாகப் பதிதல்

ஒருவரின் நிரந்தர முகவரி, ஆடும் நேரத்தில் அவர் உடலால் இருக்கும் இடம், வரிக் கணக்குக்கு அவர் எந்த நாட்டவர் என்பது ஆகிய மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது பெரும் குழப்பத்துக்கு வழிவகுக்கும். நியூ யார்க்கில் வசிப்பவர் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்கு வந்து சட்டப்படி ஆடலாம். அவருடைய ஆட்டத்தை நியூ ஜெர்சியின் சூதாட்டச் சட்டம் ஆளும், வருமானமோ அவர் வசிக்கும் மாநிலத்தின் வரிக்கும் உட்படும். அதே நியூ ஜெர்சியில் சுற்றுலா வந்த ஜெர்மானியர் ஆடினால் வரிப்பிடித்தத்தின் கணக்கே மாறிவிடும். எனவே தரவுத்தளத்தில் நாடு என்று ஒரே ஒரு புலம் வைப்பது போதாது. மூன்று புலங்கள் வேண்டும், ஒவ்வொன்றும் எப்போது, எந்த ஆவணத்தால் உறுதியானது என்ற குறிப்பும் வேண்டும்.

மூன்றாம் படி: கணக்கேட்டைக் கட்டுதல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். ஃபுல் டில்ட் போக்கர் நிறுவனம் ஏன் விழுந்தது என்பதை அறிந்தால் காரணம் விளங்கும். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்கள் மீது வழக்குத் தொடுத்தது. அப்போது ஃபுல் டில்ட் உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி மட்டுமே. உரிமையாளர்களுக்குப் பங்காகப் பிரித்துக் கொடுத்த பெருந்தொகை ஒரு காரணம். மற்றொரு காரணம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. கட்டணச் செயலிகள், அதாவது ஆட்டக்காரரின் வங்கிக்கும் தளத்துக்கும் இடையே பணத்தைக் கொண்டுசேர்க்கும் நிறுவனங்கள், ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போன நிலையில், ஆட்டக்காரர்களின் வங்கிக் கணக்கிலிருந்து உண்மையில் வசூலிக்காத வைப்புகளையும் நிறுவனம் அவர்களுடைய கணக்கில் வரவு வைத்தது. அரசுத் தரப்பின் கணக்குப்படி அப்படி வராத பணம் சுமார் 13 கோடி டாலர். அந்தப் பொய்ச் சில்லுகள் மேசையில் ஆடப்பட்டு, மெய்யான பணம் போட்டவர்களின் வெற்றியாக மாறின. அதன் பிறகு எது மெய், எது பொய் என்று பிரிக்க வழியே இல்லாமல் போனது.

தனியாள் ஆட்டத்தில் வசூலாகாத வைப்பு நிறுவனத்தின் நஷ்டத்தோடு முடிந்துவிடும். பலர் ஆடும் ஆட்டத்தில் அது மேசை முழுவதும் பரவும். அதனால் கணக்கேட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் இருப்பையும் குறைந்தது மூன்று நிலைகளாகப் பிரிக்க வேண்டும்: வங்கியில் வந்து சேர்ந்த பணம், ஒப்புதல் கிடைத்தும் இன்னும் வந்து சேராத பணம், நிறுவனம் தந்த போனஸ். இரண்டாம் வகைப் பணத்தை ஆட அனுமதிப்பது வணிக முடிவு; அனுமதித்தால் அதே தொகையை நிறுவனத்தின் சொந்தப் பணத்திலிருந்து ஆட்டக்காரர் நிதிக் கணக்குக்கு அன்றே மாற்றிவிட வேண்டும். இந்த ஒரு விதியை ஃபுல் டில்ட் பின்பற்றியிருந்தால் அந்த 13 கோடி டாலர் ஓட்டை விழுந்திருக்காது.

போட்டி ஆட்டங்களில் இன்னொரு கணக்கு வருகிறது. நுழைவுத் தொகை 100 யூரோ, நிறுவனக் கட்டணம் 10 யூரோ என்று இருந்தால், 100 யூரோ பரிசுத் தொகுப்புக்குப் போகிறது, 10 மட்டுமே நிறுவனத்தின் வருவாய். 50,000 யூரோ பரிசு உறுதி என்று அறிவித்து 430 பேர் மட்டுமே சேர்ந்தால் தொகுப்பில் 43,000தான் இருக்கும். மீதி 7,000 யூரோவை நிறுவனம் தன் பணத்திலிருந்து போட வேண்டும்; அதுவும் பதிவு மூடப்படும் கணத்திலேயே போட வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், அந்தச் சில மணி நேரம் மற்ற ஆட்டக்காரர்களின் பணத்தைக் கொண்டு உங்கள் விளம்பரத்துக்கு உத்தரவாதம் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

நாடு கடந்த மேசையில் அதற்கும் மேலான ஒரு வேலை உண்டு. ஒரு நாளின் ஆட்டத்தில் ஸ்பெயின் உரிமத்தில் உள்ளவர்கள் பிரான்ஸ் உரிமத்தில் உள்ளவர்களிடம் நிகரமாக 40,000 யூரோ இழந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கேட்டில் பிரெஞ்சு ஆட்டக்காரர்களின் இருப்பு 40,000 கூடிவிடும். ஆனால் பணம் இன்னும் ஸ்பெயின் உரிமத்துக்கான வங்கிக் கணக்கிலேயே கிடக்கும். இந்தப் பணத்தை ஓர் உரிமத்தின் கணக்கிலிருந்து மற்றதற்கு மாற்றும் வேலையைக் குறிப்பிட்ட இடைவெளியில், இயன்றால் தினமும், செய்யவில்லை என்றால் பிரான்சில் பணம் எடுக்க வருபவருக்குத் தர அங்கே பணம் இருக்காது. மேசை யூரோவிலும் ஆட்டக்காரரின் கணக்கு வேறு நாணயத்திலும் இருந்தால், மாற்று விகிதம் எந்த நொடியில் உறுதியாகிறது என்பதை விதிமுறையிலும் கணக்கேட்டிலும் ஒன்றுபோல எழுதிவைக்க வேண்டும்.

ரேக் எனப்படும் மேசைக் கட்டணத்தையும் நாடுவாரியாகப் பிரிக்க வேண்டும், ஏனெனில் அதற்கான வரி ஆட்டக்காரரின் நாட்டுக்குப் போகிறது. ஒரு சுற்றில் எல்லோரும் போட்ட பந்தயத்தின் மொத்தமான பானையில் 100 யூரோ இருந்து, அதில் ஒருவர் 50, ஒருவர் 30, ஒருவர் 20 போட்டிருந்து ரேக் 5 யூரோ என்றால், போட்ட விகிதப்படி 2.50, 1.50, 1 எனப் பிரிப்பது நியாயமான முறை. எந்த முறையைத் தேர்ந்தாலும் எல்லா நாடுகளுக்கும் அதையே காட்டுங்கள்.

நான்காம் படி: ஆட்டக்காரர் நிதியைத் தனியே வைத்தல்

சீட்டுப் பிடிப்பவர் கையில் இருக்கும் பணம் அவருடையது ஆகாததைப் போல, ஆட்டக்காரரின் இருப்பும் பரிசுத் தொகுப்பும் நிறுவனத்துடையவை ஆகா. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் வாடிக்கையாளர் நிதியைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. அதோடு, நிறுவனம் திவாலானால் அந்த நிதிக்கு எவ்வளவு பாதுகாப்பு உண்டு என்பதைப் பாதுகாப்பு இல்லை, நடுத்தரம், உயர்ந்தது என்ற மூன்று நிலைகளில் ஒன்றாக வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லவும் கட்டாயப்படுத்துகிறது. தனிக் கணக்கில் இருப்பதாலேயே திவால் வழக்கில் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, அதற்கு அறக்கட்டளைப் பத்திரம் போன்ற சட்ட ஏற்பாடு தனியே வேண்டும்.

அன்றாடம் செய்ய வேண்டிய சரிபார்ப்பு எளிமையானது. ஆட்டக்காரர் இருப்புகள், மேசைகளில் இருக்கும் சில்லுகள், முடியாத போட்டிகளின் பரிசுத் தொகுப்பு, கேட்டும் இன்னும் அனுப்பப்படாத பட்டுவாடாக்கள் ஆகிய நான்கின் கூட்டுத்தொகை தனிக் கணக்கின் வங்கி இருப்பை விட அதிகமாக இருக்கக் கூடாது. ஒவ்வோர் உரிமத்துக்கும் இதைத் தனியாகப் போட வேண்டும். ஒரு நாட்டின் மிகுதியைக் காட்டி இன்னொரு நாட்டின் குறையை மறைத்தால் சரிபார்ப்புக்கே பொருளில்லை.

ஐந்தாம் படி: அடையாளச் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்தல்

வைப்பு வாங்கும்போது ஒன்றும் கேட்காமல், வென்றவர் பணம் கேட்கும்போது கடவுச்சீட்டு, மின்கட்டண ரசீது, செல்ஃபி என்று வரிசையாகக் கேட்பது இத்தொழிலின் பழைய கெட்ட பழக்கம். 2019 மே மாதம் முதல் பிரிட்டனில் இதற்கு இடமில்லை: ஆடத் தொடங்கும் முன்பே பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவை உறுதி செய்யப்பட வேண்டும், முன்னரே கேட்டிருக்கக்கூடிய தகவலைக் காரணம் காட்டிப் பட்டுவாடாவை நிறுத்தவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணமோசடித் தடுப்பு நெறிமுறை, 2,000 யூரோ அல்லது அதற்கு மேற்பட்ட சூதாட்டப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரை ஆராயச் சொல்கிறது. அந்த வரம்பைத் தொடும் வரை காத்திராமல், நெருங்கும்போதே ஆவணங்களைக் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

ஆறாம் படி: பணம் எடுக்கும் கோரிக்கையைக் கையாளுதல்

கோரிக்கை வந்ததும் அந்தத் தொகை ஆட்ட இருப்பிலிருந்து விலகி, திரும்ப ஆட முடியாத நிலைக்குப் போக வேண்டும். நிலுவையில் இருக்கும் கோரிக்கையை ரத்து செய்து மீண்டும் ஆடும் வசதியைப் பிரிட்டன் 2021 முதல் நிரந்தரமாகத் தடை செய்துவிட்டது. சட்டம் கேட்காத நாடுகளிலும் அந்த வசதியை எடுத்துவிடுவதே சரி என்பது என் கருத்து. தாமதத்தைக் கொண்டு வருமானம் பார்க்கும் ஆசை பட்டுவாடாப் பிரிவுக்கு வரவே கூடாது.

அடுத்தது ஆட்டத்தின் நேர்மை பற்றிய ஆய்வு. பலர் ஆடும் ஆட்டங்களுக்கே உரிய ஆபத்து சிப் டம்பிங்: ஒருவர் வேண்டுமென்றே தோற்றுத் தன் பணத்தை இன்னொருவருக்குக் கைமாற்றுவது. திருடிய அட்டையில் வைப்புச் செய்து, கூட்டாளியிடம் தோற்று, கூட்டாளி பணத்தை எடுத்துச் சென்ற பல வாரங்கள் கழித்து அட்டையின் உண்மையான உரிமையாளர் வங்கியில் புகார் செய்வார். அப்போது பணம் திரும்பப் பெறப்படும், நஷ்டம் உங்களுடையதாகும். இதைப் பிடிக்க, வென்றவரின் வெற்றித் தொகை எந்தெந்த ஆட்டக்காரரிடமிருந்து எத்தனை கைகளில் (சீட்டுப் பங்கீட்டுச் சுற்றுகளில்) வந்தது என்று பிரித்துக் காட்டும் அறிக்கை வேண்டும். ஒரே எதிராளியிடமிருந்து, மிகச் சில கைகளில், பொருந்தாத பந்தயங்கள் மூலம் பெரும்பகுதி வந்திருந்தால் நிறுத்திப் பாருங்கள். நிறுத்தும்போது சந்தேகத்துக்குரிய பகுதியை மட்டும் நிறுத்தி மீதியை அனுப்பிவிடுவது முறை. பணமோசடி ஐயம் எழுந்து அதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்பியிருந்தால், அந்தக் காரணத்தை ஆட்டக்காரரிடம் சொல்வதே பல நாடுகளில் குற்றம் என்பதை உதவி மையத்தில் உள்ளவர்களுக்குக் கட்டாயம் கற்பிக்க வேண்டும்.

பணம் வந்த வழியிலேயே திரும்பிப் போக வேண்டும் என்பது பொது விதி. அட்டையில் வந்தது அதே அட்டைக்கு. வெற்றித் தொகையின் மிகுதி ஆட்டக்காரரின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குக்கு. மனைவி, அண்ணன், நண்பர் என யாருடைய கணக்குக்கும் அனுப்பக் கூடாது. யூரோ மண்டலத்தில் 2025 அக்டோபர் முதல் வங்கிகள் பெறுநர் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால் இந்தச் சோதனை முன்னைவிட எளிதாகிவிட்டது.

ஆட்டத்திலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொண்டவரின் இருப்பு மறந்துபோகும் பணமாகிவிடக் கூடாது. பிரிட்டனில் விலக்கம் பதிவானதும் கணக்கை மூடி மீதத்தைத் திருப்பித் தர வேண்டும். ஜெர்மனியில் வேறு விதமான சிக்கல்: எல்லாத் தளங்களையும் சேர்த்து மாதம் 1,000 யூரோ என்ற வைப்பு வரம்பு இருப்பதால், எடுத்த பணத்தை மறுபடி போட முடியாதோ என்று எண்ணிச் சிலர் வெற்றியைத் தளத்திலேயே விட்டுவைக்கக் கூடும். அந்த இருப்புகளும் நான்காம் படியின் தினசரிக் கணக்கில் முழுமையாக நிற்க வேண்டும்.

ஏழாம் படி: வரி

இங்கே நாடுகள் இரண்டு வழிகளில் பிரிகின்றன. பிரிட்டனில் ஆட்டக்காரரின் வெற்றிக்கு வரி இல்லை. நிறுவனத்தின் இணையச் சூதாட்ட லாபத்துக்கு 21% ஆக இருந்த வரி 2026 ஏப்ரல் முதல் 40% ஆக உயர்த்தப்படுகிறது. ஜெர்மனி 2021 ஜூலை முதல் இணையப் போக்கரில் பந்தயத் தொகையின் மீதே 5.3% வசூலிக்கிறது. இந்த இரண்டிலும் பட்டுவாடாத் தொகையில் கை வைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் வெற்றி என்பது ஆட்டக்காரரின் வருமானம். குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய வெற்றிகளுக்கு டபிள்யூ-2ஜி என்ற படிவம் தர வேண்டும். வரி அடையாள எண் தராதவரிடம் 24% பிடித்தம் செய்ய வேண்டும். அங்கு வசிக்காத வெளிநாட்டவருக்குப் பொதுவாக 30%, அவருடைய நாட்டோடு வரி ஒப்பந்தம் விலக்கு அளித்தால் பிடித்தம் இல்லை. வரம்புகளை மென்பொருளுக்குள் நிலையாகப் பதிக்க வேண்டாம். ஸ்லாட் வெற்றிகளுக்குப் பல பத்தாண்டுகளாக 1,200 டாலராக இருந்த வரம்பு 2026 முதல் 2,000 டாலராகிவிட்டது. தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் கொண்ட அட்டவணையிலிருந்து மென்பொருள் அந்த எண்ணைப் படிக்கட்டும்.

இந்தியாவில் பண ஆட்டம் அனுமதிக்கப்பட்ட காலத்தில் வருமான வரிச் சட்டத்தின் 194பிஏ பிரிவு, பட்டுவாடாவின்போதே பிடிக்கும் முறைக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டாக இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நிகர வெற்றியில் 30% டிடிஎஸ் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த நிதியாண்டில் எடுத்த மொத்தத்திலிருந்து, போட்ட வைப்பையும் ஆண்டுத் தொடக்க இருப்பையும் கழித்தால் கிடைப்பதே நிகர வெற்றி. தொடக்க இருப்பு இல்லாத ஒருவர் 10,000 ரூபாய் போட்டு 25,000 எடுத்தால் நிகரம் 15,000, பிடித்தம் 4,500. அடுத்த முறை எடுக்கும்போது ஏற்கெனவே வரி பிடித்த 15,000ஐயும் கழிக்க வேண்டும். ஆண்டு இறுதியில் எடுக்காமல் கணக்கில் நிற்கும் தொகையையும் எடுத்ததாகக் கொண்டு கணக்கிட வேண்டும். ஒருவருக்கு ஒரே நிறுவனத்தில் பல வாலட்டுகள் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற விதிதான் பல மென்பொருள்களைத் திணறவைத்தது.

எட்டாம் படி: மறுப்பும் தகராறும்

ஆட்டத்தில் பிழை நேர்ந்தது, ஆகவே பணம் தர முடியாது என்று சொல்லும் முன் உங்கள் விதிமுறைகளை ஒரு வழக்கறிஞரிடம் படிக்கக் கொடுங்கள். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டமொன்றில் ஏறத்தாழ 17 லட்சம் பவுண்டு வென்றவருக்கு, மென்பொருள் கோளாறு என்று கூறி ஒரு நிறுவனம் பணம் தர மறுத்தது. 2021இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம், விலக்கு விதிகள் தெளிவாகவும் கண்ணில் படும்படியும் இல்லை என்று கூறி வென்றவர் பக்கம் தீர்ப்பளித்தது. பலர் ஆடும் ஆட்டத்தில் இது இன்னும் சிக்கலானது: நடுவில் சர்வர் நின்றுபோன போட்டியை ரத்து செய்தால் அப்போது இருந்த சில்லுகளின் விகிதப்படியா, எல்லோருக்கும் சமமாகவா, இரண்டும் கலந்தா, எப்படிப் பிரிப்பது என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். பிரிட்டனில் 8 வாரங்களுக்குள் புகார் தீரவில்லை என்றால் ஆட்டக்காரர் கட்டணமின்றி வெளி நடுவரிடம் போகலாம். அதற்கு நீங்கள் தர வேண்டியது கை வரலாறும் கணக்கேட்டின் வரிகளும் ஆகும்.

ஒன்பதாம் படி: சந்தையை விட்டு வெளியேறுதல்

உரிமம் முடியலாம், சட்டம் மாறலாம். 2025 ஆகஸ்டில் இந்திய நிறுவனங்கள் சில நாட்களுக்குள் பண ஆட்டங்களையும் புதிய வைப்புகளையும் நிறுத்தி, பணம் எடுக்கும் வழியை மட்டும் திறந்து வைத்தன. வெளியேற்றத்தின் சரியான வரிசையும் அதுதான்: முதலில் வைப்பை மூடுதல், பிறகு நடக்கும் போட்டிகளை அறிவித்த விதிப்படி முடித்தல் அல்லது திருப்பித் தருதல், பின்னர் ஒவ்வொருவருக்கும் இருப்பைத் தெரிவித்து எடுக்கச் சொல்லுதல். ஒரே நேரத்தில் எல்லோரும் எடுக்க வருவார்கள் என்பதால் கட்டணச் செயலியோடு அன்றாட வரம்பை முன்கூட்டியே பேசி உயர்த்தி வைத்திருக்க வேண்டும். 2011இல் ஃபுல் டில்டின் போட்டியாளரான போக்கர்ஸ்டார்ஸ், அமெரிக்கச் சந்தை மூடிய சில நாட்களிலேயே அங்குள்ளவர்களுக்குப் பணத்தைத் திருப்பத் தொடங்கியது. ஃபுல் டில்டின் அமெரிக்க ஆட்டக்காரர்களோ 2014 வரை காத்திருந்தார்கள்.

இருப்பை எடுக்க வராதவர்களின் பணத்தை நிறுவன வருவாயில் சேர்க்காமல், உரிமைகோரப்படாத சொத்து பற்றிய அந்தந்த நாட்டுச் சட்டப்படி ஒப்படைக்க வேண்டும். வரிச் சான்றிதழ்களைக் கடைசிப் பட்டுவாடாவுக்குப் பிறகும் வழங்க வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணமோசடித் தடுப்பு விதிகள் உறவு முடிந்த பிறகும் 5 ஆண்டுகள் ஆவணங்களை வைத்திருக்கச் சொல்வதால், சர்வர்களை அணைக்கும் முன் கை வரலாறு, கணக்கேடு, அடையாள ஆவணங்கள் ஆகிய மூன்றையும் படிக்கக்கூடிய வடிவில் நகலெடுத்து, கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவைக்க வேண்டும்.